இருபத்தொரு கிலோ

நோயாளிக் குழந்தைகள் ஓரிடத்தில் நிற்பதில்லை என்பதைக் காப்பீட்டுத் துறை ஒரு செவ்வாய்க்கிழமை கண்டுபிடித்தது. சிலருக்கு நோய் கூடுகிறது, சிலருக்குக் குறைகிறது, சிலருக்குக் குறைந்து மறுபடியும் கூடுகிறது. இப்படி ஆளுக்கொரு பக்கம் போனால் ஒரு துறை எப்படித்தான் கோப்பு வைத்துக்கொள்வது? ஆகவே சுற்றறிக்கை ஒன்று வெளியாயிற்று. அதன் பெயர் நிலைத்தன்மை விதி.

விதி எளிமையானது. குழந்தை தேறிவிட்டால் அதற்கு மருந்து தேவையில்லை, காப்பீடு நிறுத்தப்படும். குழந்தை மோசமானால் மருந்தால் பயனில்லை, காப்பீடு நிறுத்தப்படும். தேறாமலும் மோசமாகாமலும் இருந்த இடத்திலேயே இருக்கும் குழந்தைக்குக் காப்பீடு 'மகிழ்ச்சியுடன் தொடரும்'. மகிழ்ச்சி யாருடையது என்று சுற்றறிக்கையில் இல்லை.

தேறியதா இல்லையா என்று யார் சொல்வது? டாக்டர்கள் சொல்லக் கூடாது என்பது முதலிலேயே முடிவாகிவிட்டது. டாக்டர்கள் குழந்தைகளை நேரில் பார்க்கிறார்கள். நேரில் பார்க்கிறவர்களிடம் நடுநிலையை எதிர்பார்க்க முடியாது. எனவே எடை போடுவது என்று தீர்மானித்தார்கள். எடை கூடினால் தேறியது, குறைந்தால் மோசம். மூன்று மாதத்துக்கு ஒரு தடவை. அரை கிலோ வரை மன்னிப்பு.

சுற்றறிக்கை, ஊரில் தராசு பழுதுபார்க்கும் கடை வைத்திருந்த தராசுக்காரர் வீட்டுக்கு வந்தபோது அவர் சந்தோஷமாக இருந்தார். அவருடைய பத்து வயது மகளுக்குப் பிறவியிலேயே ஒரு நோய். நாமெல்லாம் சாப்பிடும் புரதம் அவள் உடம்பில் விஷமாகிவிடும். டின்னில் வரும் ஒரு மருந்து மாவுதான் அவளுக்குச் சாப்பாடு. அது எந்தக் கடையிலும் கிடைக்காது. காப்பீட்டுத் திட்டத்தின் வழியாக மட்டுமே வரும். அந்த மாவைக் கரைத்துக் கரைத்து ஊட்டி, அரை வருஷத்தில் அவள் மூன்று கிலோ ஏறியிருந்தாள். இருபத்து நாலிலிருந்து இருபத்தேழு. தராசுக்காரர் தன் கடைத் தராசில், தன் கையால், இரண்டு தடவை போட்டுப் பார்த்திருந்தார்.

"என்னங்க, இதைப் படிச்சீங்களா?" என்று மனைவி காகிதத்தை நீட்டினாள்.

அவர் படித்தார். மறுபடியும் படித்தார்.

"ஏறினா நிறுத்திடுவாங்களாம்" என்றார்.

"பத்து வயசுப் பொண்ணு ஏறாம என்ன செய்வா?"

"அதை இதுல எழுதல."

அன்று சாயங்காலம் அவள் மகளுக்குக் கிண்ணம் நிறையக் கரைத்தாள். கொடுக்கும்போது கை ஒரு கணம் தயங்கியது. பிறகு தன்னையே திட்டிக்கொண்டு முழுவதையும் கொடுத்தாள்.

அந்த ஊரில் இதே நோயுள்ள குழந்தைகள் நாற்பத்து மூன்று பேர். பெற்றோர்களுக்கு ஒரு சங்கம் இருந்தது. தலைவி ஒரு தையற்காரம்மா. குரலில் கத்தரிக்கோல் வைத்திருப்பவர். அவர் தலைமையில் ஐந்து பேர் மனுவோடு துறை அலுவலகத்துக்குப் போனார்கள். தராசுக்காரரும் போனார். கால்பந்து ஆடும் பதினைந்து வயதுப் பையனின் அப்பாவான பஸ் டிரைவரும், ஒன்றரை வயதுக் குட்டிப் பையனை இடுப்பில் வைத்துக்கொண்டு பேக்கரித் தங்கச்சியும் வந்தார்கள். அவள் பேக்கரியில் வேலை பார்ப்பவள். எல்லோருக்கும் இளையவள் என்பதால் எல்லோருக்கும் தங்கச்சி.

கண்காணிப்பாளர் மரியாதையானவர். ஐந்து பேரையும் உட்காரச் சொன்னார். நாற்காலி இரண்டுதான் இருந்தது.

"சார், குழந்தைங்கன்னா வளரும்" என்றார் தையற்காரம்மா.

"உண்மைதான்மா. ஆனா வளர்ச்சின்னு ஒரு தலைப்பு இந்தத் திட்டத்துல இல்லை. தேறுதல் இருக்கு, மோசமாதல் இருக்கு. உங்களுக்கு எதுல போடட்டும்?"

"ரெண்டுலயும் வேண்டாம்."

"அப்போ நிலையா இருக்கணும்."

"என் பையன் ஒன்றரை வயசு சார்" என்றாள் பேக்கரித் தங்கச்சி. "இந்த மாசம்தான் நடக்கவே ஆரம்பிச்சான்."

"அதை யார்கிட்டயும் சொல்லாதீங்க" என்றார் கண்காணிப்பாளர், உண்மையான அக்கறையுடன்.

மனு வாங்கிக்கொள்ளப்பட்டது. அதற்குப் பலனாக ஒரு 'செவிமடுப்பு அமர்வு' ஏற்பாடாயிற்று. அந்த வருஷம் எல்லாத் துறைகளிலும் செவிமடுப்பது நாகரிகமாக இருந்தது. அதற்கென்று தலைமையகத்திலிருந்து ஓர் ஆலோசகர் வந்தார். காலுறை போடாத ஷூ, கழுத்தில் அடையாள அட்டை, முகத்தில் அணையாத புன்னகை. பெற்றோர்கள் கையில் வண்ண வண்ணச் சீட்டுகளைக் கொடுத்து, "உங்க மனசுல இருக்கறதை ஒரே ஒரு வார்த்தையில எழுதுங்க. ஒரு வார்த்தைக்கு மேல எழுதினா எங்களால கேட்க முடியாது" என்றார்.

சுவரில் மூன்று கட்டங்கள் வரைந்திருந்தன: நன்றி, நம்பிக்கை, கனவு. எழுதிய சீட்டை ஒன்றில் ஒட்ட வேண்டும். தையற்காரம்மா 'மாவு' என்று எழுதினார். ஆலோசகர் அதை வாங்கிக் கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, கனவில் ஒட்டினார்.

முதல் எடை நாள் வந்தது. துறை இதற்கென்றே புதிதாக ஒரு மேடைத் தராசு வாங்கியிருந்தது. ஆள் உயரம், வட்ட முகம், நீண்ட முள். தராசுக்காரர் வரிசையில் நின்றபடியே அதைத் தலை முதல் கால் வரை பார்த்தார். நல்ல சாமான். பார்வை கீழே இறங்கி, தட்டுக்கு அடியில் வந்ததும் அங்கேயே நின்றுவிட்டது.

இந்த மாதிரித் தராசுகளை லாரியில் அனுப்பும்போது உள்ளே எதுவும் ஆடாமல் இருக்க ஒரு பூட்டு ஆணி போட்டு இறுக்கி அனுப்புவார்கள். சிவப்பு வண்ணம் பூசி, 'பயன்படுத்தும் முன் கழற்றவும்' என்று பக்கத்தில் ஒரு அட்டையும் இருக்கும். ஆணி இருந்தது. அட்டையைக் காணோம். அட்டை இருந்த இடத்தில், சிவப்பு ஓரம் மட்டும் வெளியே தெரிய ஆணியையும் சேர்த்து மூடி, துறையின் சொத்து எண் ஒட்டப்பட்டிருந்தது. சொத்து எண்ணைக் கிழிப்பது தண்டனைக்குரிய குற்றம் என்பது அந்த அலுவலகத்தில் எல்லோருக்கும் தெரியும். தொழிற்சாலையில் எவனோ ஆணியை இறுக்கியபோது முள் இருபத்தொன்றில் நின்றிருக்கிறது. இப்போதும் இருபத்தொன்றில் நின்றது.

பேக்கரித் தங்கச்சியின் குட்டிப் பையனை நிறுத்தினார்கள். "இருபத்தொண்ணு" என்றார் எழுத்தர். எழுதினார். அடுத்து டிரைவர் மகன், கால்பந்து. ஏறியதும் மேடை முனகியது. "இருபத்தொண்ணு."

தராசுக்காரருக்குக் கை பரபரத்தது. ஒரு சமையற்காரர் முன்னால் தீயும் பாத்திரத்தை வைத்துவிட்டு, சும்மா நில் என்று சொன்னால் எப்படி இருக்கும்?

"சார், இதுல ஒரு ஆணி..." என்று ஆரம்பித்தார்.

பின்னாலிருந்து தையற்காரம்மா அவருடைய சட்டையைப் பிடித்து வரிசையிலிருந்தே வெளியே இழுத்துவிட்டார்.

"அண்ணே, உங்க பொண்ணு எவ்வளவு?"

"இருபத்தேழு."

"அடுத்த தடவை?"

"இருபத்தெட்டு கூட ஆகலாம்."

"இந்தத் தராசுல?"

தராசுக்காரர் வரிசையில் தன் இடத்துக்குத் திரும்பினார்.

"எழுதறவருக்குக் கண்ணு தெரியாதாம்மா?" என்று மெதுவாகக் கேட்டார்.

அது எழுத்தர் காதில் விழுந்துவிட்டது. "என்னை எழுதத்தான் போட்டிருக்காங்க" என்றார் அவர் நிமிராமலே. "படிச்சுப் பார்க்க வேற பிரிவு இருக்கு."

மூன்று மாதம் கழித்து இரண்டாவது எடை நாள். நாற்பத்து மூன்று குழந்தைகள், நாற்பத்து மூன்று இருபத்தொன்றுகள். ஏறியவர் யாருமில்லை, இறங்கியவர் யாருமில்லை. தலைமையகத்தில் ஆலோசகர் ஒரு வரைபடம் போட்டுக் காட்டினார். அதில் ஒரே ஒரு நேர்கோடு. அவ்வளவு அழகான கோட்டைத் துறை தன் சரித்திரத்தில் பார்த்ததில்லை என்று பேசிக்கொண்டார்கள். மற்ற ஊர்களில் குழந்தைகள் இஷ்டத்துக்கு வளர்ந்துகொண்டிருக்க, இந்த ஊர்க் குழந்தைகள் மட்டும் எப்படி இவ்வளவு பொறுப்பாக இருக்கிறார்கள் என்று பார்த்துப்போக ஆட்கள் வந்தார்கள். சங்கத்துக்கு ஒரு கேடயம் கிடைத்தது. தையற்காரம்மா அதை வாங்கிக்கொண்டு, "இது எங்கள் குழந்தைகளின் கட்டுப்பாட்டுக்குக் கிடைத்த பரிசு" என்று கண்ணிமைக்காமல் பேசினார்.

சிக்கல் டின்னில் வந்தது. புது விதிப்படி, பதிவேட்டில் உள்ள எடைக்குத்தான் மாவு. மூன்று கிலோவுக்கு மாதம் ஒரு டின். ஆக எல்லோருக்கும் ஏழு டின். ஒன்பது கிலோ குட்டிப் பையனுக்கு மூன்று போதும். நாலு டின் வீட்டில் நின்றது. நாற்பத்தெட்டு கிலோ கால்பந்துக்குப் பதினாறு வேண்டும். ஒன்பது டின் குறைந்தது. தராசுக்காரர் மகளுக்கு ஒன்பது வேண்டும், இரண்டு குறைந்தது.

இதற்கு யாரும் மனு எழுதவில்லை. டின்கள் வந்த மறுநாள் எல்லோரும் தராசுக்காரர் கடையில் கூடினார்கள். குழந்தைகளை அவருடைய தராசில் நிறுத்தி, உள்ளது உள்ளபடி எடை பார்த்து, மாவைக் கொட்டிப் பிரித்தார்கள். சின்னப் பிள்ளைகளிடம் மிஞ்சியது பெரிய பிள்ளைகளுக்குப் போயிற்று. பெரிய பிள்ளைகளையும் சின்னப் பிள்ளைகளையும் சேர்த்துக் கூட்டிப் பார்த்தால் கணக்கு ஏறக்குறைய சரியாக வந்தது. அந்தப் புண்ணியத்துக்கும் துறைக்கும் சம்பந்தமில்லை. பேக்கரித் தங்கச்சி வரும்போதெல்லாம் மாவு சிந்தாத மாதிரி பட்டர் பேப்பரில் சுருட்டுவது எப்படி என்று எல்லோருக்கும் சொல்லிக்கொடுத்தாள். டிரைவர் பெரிய பொட்டலங்களைச் சுமந்தார். தையற்காரம்மா யாருக்கும் எடுத்தும் கொடுக்கவில்லை, வாங்கவும் இல்லை. அவருடைய பையன் நிஜமாகவே இருபத்தொரு கிலோ. அதனால்தான் அவரால் எப்போதும் கொள்கையோடு பேச முடிந்தது.

"உங்க கடைதான் அண்ணே நிஜ ஆபீஸ்" என்றாள் பேக்கரித் தங்கச்சி ஒருநாள். தராசுக்காரருக்குக் கூச்சமாகவும் பெருமையாகவும் இருந்தது.

இப்படி எட்டு மாதம் ஓடியது. ஒன்பதாவது மாதம் அவர் கடைக்கு அலுவலகத்திலிருந்து ஒரு கடிதம் வந்தது. எல்லா எடைக் கருவிகளும் வருஷத்துக்கு ஒருமுறை உரிமம் பெற்ற நிபுணரால் சோதிக்கப்பட்டு முத்திரையிடப்பட வேண்டும். அந்த ஊரில் உரிமம் பெற்றவர் அவர் ஒருவர்தான்.

இருபத்தேழு வருஷத் தொழிலில் அவர் பொய் முத்திரை வைத்ததில்லை. அதற்காகப் பகைத்துக்கொண்ட கடைக்காரர்கள் இன்னும் தெருவில் பார்த்தால் முகத்தைத் திருப்பிக்கொள்கிறார்கள். சோதனைக் கற்களைப் பெட்டியில் எடுத்துக்கொண்டு அவர் போனார்.

இருபது கிலோ கல்லை வைத்தார். இருபத்தொன்று. ஐந்து கிலோவை வைத்தார். இருபத்தொன்று. எல்லாவற்றையும் இறக்கினார்.

"வெறும் தட்டுக்கும் இருபத்தொண்ணு காட்டுது சார்."

"அதாவது, யாரும் வராத நாள்லயும் வேலை செய்யுது" என்றார் கண்காணிப்பாளர்.

"சார், இது எடையே போடல. பூட்டு ஆணியைக் கழட்டவே இல்லை. இந்த எண்ணைக் கிழிச்சா அடியில இருக்கு."

கண்காணிப்பாளர் எழுந்து போய்க் கதவைச் சாத்திவிட்டு வந்தார்.

"தெரியும்" என்றார்.

"தெரியுமா!"

"முத நாளே நானும் ஏறிப் பார்த்தேன். சின்ன வயசுக்கப்புறம் அன்னிக்குத்தான் இருபத்தொண்ணு காட்டுச்சு. பாருங்க, ஆணியைக் கழட்டினா முள்ளு ஆடும். முள்ளு ஆடினா நாப்பத்து மூணு பேரும் பட்டியல்ல இருந்து போயிடுவாங்க. அவங்க போனா இந்தக் கிளைக்கு வேலை இல்லை. நாங்க ஒன்பது பேரு. எங்களை எந்த ஊருக்குத் தூக்கி அடிப்பாங்களோ? என் பொண்ணுக்கு இது பரீட்சை வருஷம்." குரலைத் தாழ்த்தினார். "உங்க பொண்ணு இப்போ எவ்வளவு?"

தராசுக்காரர் கற்களைப் பெட்டியில் அடுக்கினார். பையிலிருந்து முத்திரை குத்தும் இடுக்கியை எடுத்தார். ஈயத் துண்டை வைத்து அழுத்தினார். முத்திரை எப்போதும்போல் தெளிவாக விழுந்தது. பொய்க்கும் உண்மைக்கும் அதற்கு வித்தியாசம் தெரியவில்லை.

அன்று சங்கத்தில் அவரைத் தோளில் தூக்காத குறை. "அண்ணன் நம்ம பிள்ளைங்களைக் காப்பாத்திட்டாரு" என்றார் தையற்காரம்மா. டிரைவர் கண் கலங்கினார்.

முத்திரை விழுந்துவிட்டதால் தலைமையகத்துக்கு உற்சாகம் பிறந்தது. ஆலோசகரின் யோசனைப்படி ஒவ்வொரு குழந்தைக்கும் தடித்த தாளில், தங்க ஓரம் போட்டு ஒரு சான்றிதழ் வந்தது: 'இக்குழந்தையின் எடை இருபத்தொரு கிலோ எனச் சான்றளிக்கப்படுகிறது.' கீழே நிபுணரின் முத்திரை எண். கண்ணாடி போட்டு மாட்டிவைக்கத் தோதான அளவு.

அடுத்த மாதம் டின் பிரிக்கும் நாளில் பேக்கரித் தங்கச்சி டின் இல்லாமல் வந்தாள். இடுப்பில் பையன் மட்டும் இருந்தான்.

"டின் எங்க தங்கச்சி?"

"வீட்டுல இருக்கு அண்ணே."

"நாலு டின் மிஞ்சியிருக்குமே?"

"எங்க மிஞ்சுது? ஏழுதானே கொடுத்தாங்க." அவள் அவர் முகத்தைப் பார்க்கவில்லை. "இருபத்தொரு கிலோவுக்கு ஏழுதான் வரும்."

"இவன் பத்து கிலோ கூட இல்லையேம்மா! போன மாசம் இதே தட்டுல நிக்க வச்சோம்."

"அது கடைத் தராசு. சர்க்கார் தராசு இருபத்தொண்ணு சொல்லுது. நீங்களே முத்திரை வச்சிருக்கீங்க. சான்றிதழ் வச்சிருக்கேன் அண்ணே." சொல்லிவிட்டுப் பையனை மறு இடுப்புக்கு மாற்றிக்கொண்டாள். "நாளைக்கு இந்தத் திட்டத்தை நிறுத்திட்டாங்கன்னா? இவனுக்கு இன்னும் மூணு வயசுகூட ஆகலை, இன்னும் எவ்வளவு வருஷம் சாப்பிடணும்? அலமாரியில இருக்கட்டும் அண்ணே. கோவிச்சுக்காதீங்க."

அவரால் கோபித்துக்கொள்ள முடியவில்லை. அவள் சொன்னது பொய் என்று சொல்ல அந்த ஊரில் தகுதியுள்ள ஆள் அவர் ஒருவர்தான். அவர்தான் உண்மை என்று முத்திரை வைத்திருந்தார்.

ஒரு அலமாரி மூடினால் மற்ற அலமாரிகள் சும்மா இருக்குமா? இரண்டு மாதத்தில் சின்னப் பிள்ளைகளின் வீடுகளிலெல்லாம் டின்கள் அடுக்கடுக்காய் நின்றன. தையற்காரம்மா அவசரக் கூட்டம் கூட்டி, "எல்லாருக்கும் சமம்னு ஆனப்புறம் யாரும் யாருகிட்டயும் கேட்கறது சரியில்லை" என்று தீர்மானம் போட்டார். டிரைவர் கடை வாசலில் பஸ்ஸை நிறுத்தி, பயணிகள் பார்க்க, "என் பையன் பந்தை விட்டுட்டுப் படுத்துக் கிடக்கான். நீதானேய்யா சீல் குத்தினே!" என்று கத்திவிட்டுப் போனார்.

வீட்டில் மனைவி கரண்டியைக் குவித்து அள்ளுவதை விட்டுவிட்டாள். இப்போது விரலால் தலை வழித்து அள்ளினாள். மகள் இருபத்தேழரை ஆனவள் இருபத்தேழுக்கு வந்தாள். பிறகு இருபத்தாறரை.

தராசுக்காரர் அலுவலகத்துக்குப் போய்ப் புகார்ப் படிவம் வாங்கினார். மகளுக்கு மாவு போதவில்லை என்று எழுதினார். 'யார்மீது புகார்' என்ற கட்டத்தில் சற்று நேரம் பேனாவை வைத்திருந்துவிட்டு, தராசுக்கு முத்திரையிட்ட நிபுணர் மீது என்று எழுதினார். எழுத்தர் வாங்கிப் பார்த்தார்.

"புகார் கொடுக்கறவருக்கும் எதிராளிக்கும் முன்விரோதம் உண்டா?"

"சமீபமாத்தான்."

"எதிராளி முகவரி?"

"ரெண்டு பேரும் ஒரே வீட்டுலதான் இருக்கோம்."

எழுத்தர் 'குடும்பத் தகராறு' என்று ஓரத்தில் குறித்துக்கொண்டார்.

பத்து நாளில் அவர் கடைக்குக் கனமான உறை ஒன்று வந்தது. உள்ளே அவருடைய புகாரின் நகல், கூடவே ஒரு கடிதம்: 'மேற்படி புகார் தொழில்நுட்பம் சார்ந்தது என்பதால், உரிமம் பெற்ற நிபுணரான தங்களின் பார்வைக்கு அனுப்பப்படுகிறது. நேர்மையாக விசாரித்துப் பதினைந்து நாட்களுக்குள் அறிக்கை அளிக்கவும்.'

அவர் பதினாலு நாள் விசாரித்தார். புகார் உண்மை என்று எழுதினால் ஆணியைக் கழற்றுவார்கள், முள் ஆடும், தையற்காரம்மா பையனைத் தவிர நாற்பத்திரண்டு பேருக்கும் டின் நின்றுவிடும். ஏழு டின்னும் போய்விடும். புகார் பொய் என்று எழுதினால் ஏழு டின்னாவது தொடர்ந்து வரும். அந்த முத்திரைக்குப் பிறகு இனி ஒரு பொய் எழுதுவதில்லை என்று வேறு அவர் முடிவு செய்திருந்தார்.

பதினைந்தாவது நாள் மகளைக் கடைத் தராசில் நிறுத்தினார். பிறகு உட்கார்ந்து எழுதினார். படிக்கிறவன் மனிதனாக இருந்தால் இதைப் படித்து அதிர்ந்து எழுந்துவிட வேண்டும் என்று ஒவ்வொரு எழுத்தையும் அழுத்தி எழுதினார்:

'புகாரில் கூறப்பட்ட குழந்தையின் எடைக்கும் தங்கள் பதிவேட்டுக்கும் வித்தியாசம் இருப்பது உண்மை. தற்போது வழங்கப்படும் மாவின் அளவால் இந்த வித்தியாசம் மாதத்துக்கு அரை கிலோ வீதம் குறைந்து வருகிறது. இப்படியே போனால் அடுத்த வருஷத்துக்குள் குழந்தை பதிவேட்டில் உள்ள எடைக்கு வந்து சேர்ந்துவிடும்.'

ஒரு வரிகூடப் பொய் இல்லை. கையெழுத்துப் போட்டு, முத்திரை வைத்து, தானே கொண்டுபோய்க் கொடுத்தார்.

பதில் மூன்றே நாளில் வந்தது. அந்தத் துறை அவ்வளவு வேகமாக யாருக்கும் பதில் போட்டதில்லை. தலைமையகத்தின் வாழ்த்துக் கடிதம், ஆலோசகரின் கையெழுத்து. தராசுக்காரர் வாசலிலேயே நின்று படித்தார்.

"என்னங்க எழுதியிருக்காங்க?" என்று மனைவி உள்ளேயிருந்து கேட்டாள். கையில் தலை வழித்த கரண்டி இருந்தது.

"நன்றி சொல்லியிருக்காங்க" என்றார் அவர். "உங்க பொண்ணு நல்லா ஒத்துழைக்கிறா, இன்னும் கொஞ்சம் பொறுத்துக்கோங்கன்னு எழுதியிருக்காங்க."